இங்கே இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்

1971 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நிலவு அறிவியல் மாநாடு நடந்தது. அப்போலோ 11 கொண்டுவந்த கற்களின் வேதிப் பகுப்பாய்வு முடிவுகள் ஏறத்தாழ 13,000 பதிவுகளாக ஒரு கணினியில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. மாநாட்டுக்கு வந்திருந்த பாறை ஆய்வாளர்கள் அந்தக் கணினியிடம் வழக்கமான ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள். எந்தக் கல்லில் அலுமினியம் அதிகம், இன்ன வகைப் பாறைகளில் இன்ன தனிமத்தின் சராசரி அளவு என்ன என்பன போன்ற கேள்விகள். வில்லியம் வூட்ஸ் உருவாக்கிய இந்த ‘லூனார்’ நிரல், கேட்கப்பட்ட 111 கேள்விகளில் 78 விழுக்காட்டுக்குச் சரியாகப் பதில் சொன்னது. இன்னொரு 12 விழுக்காடு சின்னஞ்சிறு பிழைகளால் தவறியது. மீதி 10 விழுக்காடுதான் அதன் சக்திக்கு மீறியது.

அதற்கும் பத்தாண்டு முன்னால், 1961இல், எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் ‘பேஸ்பால்’ என்றொரு நிரல் இருந்தது. ஒரு பருவத்தின் ஆட்டங்கள் எங்கே, எப்போது, யாருக்கிடையே நடந்தன, முடிவு என்ன என்ற அட்டவணை மட்டுமே அதன் உலகம். இரண்டு நிரல்களும் ஒரே வகையில் வேலை செய்தன. கேள்வியை அலசி, அட்டவணையில் தேடுவதற்கான கட்டளையாக மாற்றும். அட்டவணையில் இருப்பதை எடுத்தோ, அதிலிருந்து கணக்கிட்டோ கொடுக்கும். அட்டவணையில் இல்லாததை அவற்றால் சொல்லவே முடியாது. அவற்றின் உலகம் மிகக் குறுகியது. ஆனால் அந்த உலகத்தின் வேலி எங்கே இருக்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

அறுபது ஆண்டுகளில் அந்த வேலியை நாம் உடைத்தெறிந்துவிட்டோம். இன்றைய மொழி மாதிரிகள் எதைக் கேட்டாலும் பேசுகின்றன. அவற்றை மறுபடியும் ஆவணங்களோடு கட்டிப்போட்டு, ‘இதிலிருந்து மட்டும் பதில் சொல்’ என்று பணிக்கும் முறை அலுவலகம், வங்கி, நீதிமன்றம், மருத்துவமனை என்று எல்லா இடத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது. அந்த முறையைப் பற்றி அலசும்போது, எவ்வளவு சரியாகப் பதில் சொல்கிறது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். சேமிப்பில் பதில் இல்லாதபோது இயந்திரம் என்ன செய்கிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது என்று நான் கருதுகிறேன். பழைய நிரல்களிடம் இயல்பாக இருந்து, புதியவற்றிடம் காணாமல் போனது அந்த ஒன்றுதான்.

மொழி மாதிரி என்பது பெருந்திரளான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழகிய இயந்திரம். படித்தது எதுவும் படித்த வடிவில் அதனுள் இருப்பதில்லை. கோடிக்கணக்கான எண்களின் சிறு சிறு மாற்றங்களாகக் கரைந்து கிடக்கிறது. அப்படிக் கரைந்ததிலிருந்தே எவ்வளவு பதில் எடுக்க முடியும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2020இல் 1,100 கோடி அளவுருக்கள் கொண்ட டி5 மாதிரியை வைத்துச் சோதித்தார்கள். எந்த நூலையும் புரட்டாமல் அது பொது அறிவுக் கேள்விகள் பலவற்றுக்குச் சரியாகவே விடை சொன்னது. சொன்ன விடை எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாராலும் காட்ட முடியாது. நன்றாகத் தெரிந்ததும் அரைகுறையாகத் தெரிந்ததும் ஒரே சரளத்தில் வெளிவரும். 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் காட்டினார்கள். வழக்கின் பெயர், ஆண்டு, மேற்கோள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அப்படிப்பட்ட வழக்குகளே நடந்ததில்லை. நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார்.

நினைவை நம்பாதே, ஏட்டைப் பார்த்துச் சொல் என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் வருகிறது. 2020இல் பேட்ரிக் லூயிஸும் ஃபேஸ்புக் ஆய்வகத்தின் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு பெயரையும் தந்தது. துறையில் அதை ‘ராக்’ என்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் நூறு நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டினார்கள். சுமார் 2 கோடியே 10 லட்சம் துண்டுகள் வந்தன. கேள்வி வந்ததும் அதற்குப் பொருத்தமான சில துண்டுகளைத் தேடி எடுப்பது ஒரு பகுதியின் வேலை. அவற்றைக் கேள்வியோடு சேர்த்துப் படித்து விடை எழுதுவது இன்னொரு பகுதியின் வேலை.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒரு துணைச் சோதனை. 2016க்கும் 2018க்கும் இடையில் பதவி மாறிய 82 உலகத் தலைவர்களை எடுத்துக்கொண்டு, இன்ன பதவியில் இருப்பவர் யார் என்று இயந்திரத்திடம் கேட்டார்கள். 2016இன் விக்கிப்பீடியாவை வைத்து 2016இன் தலைவர்களைக் கேட்டபோது 70 விழுக்காடு சரி. 2018இன் விக்கிப்பீடியாவை மாட்டி 2018இன் தலைவர்களைக் கேட்டபோது 68 விழுக்காடு சரி. பழைய ஏட்டை வைத்துப் புதியவர்களைக் கேட்டால் வெறும் 4 விழுக்காடு; புதிய ஏட்டை வைத்துப் பழையவர்களைக் கேட்டால் 12. அதாவது, மாதிரிக்குப் புதிதாக எதையும் கற்பிக்காமல் ஏட்டை மட்டும் மாற்றினாலே பதில் மாறிவிடுகிறது. ஓர் அரசாணை திருத்தப்பட்டால் ஆவணத்தை மாற்றினால் போதும், இயந்திரத்தை மறுபடி பயிற்றுவிக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் இந்த முறையை வாரி அணைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அதே சோதனையின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பொருந்தாத ஏட்டை வைத்தபோது 96 விழுக்காடும் 88 விழுக்காடும் தவறிப்போயின. ‘என்னிடம் இருப்பது அந்த ஆண்டின் ஏடு இல்லை’ என்று சொல்லும் வழி அந்த அமைப்பிலேயே கிடையாது. வூட்ஸின் அட்டவணைக்கு இருந்த வேலி இங்கே திரும்பி வரவில்லை.

தேடுவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஓர் எளிய உண்மையைக் கணக்காக்கிக் காட்டினார்: எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லால் தேடலுக்குப் பயனில்லை, அரிதாக வரும் சொல்லுக்குத்தான் எடை அதிகம். அந்தக் கருத்தின் மேல் எழுந்த பிஎம்25 என்ற வாய்பாடு 1990களில் லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினரால் உருவானது. இன்றும் தேடுபொறிகளின் அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது சொல்லுக்குச் சொல் ஒப்பிடும். கேள்வியில் ‘பென்ஷன்’ என்றும் ஆவணத்தில் ‘ஓய்வூதியம்’ என்றும் இருந்தால் அதன் கண்ணில் இரண்டும் வேறு வேறு.

புதிய முறை சொல்லை விட்டுப் பொருளைப் பிடிக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டும் சில நூறு எண்கள் கொண்ட திசையனாக மாறுகிறது. பொருளால் நெருங்கியவை எண்வெளியிலும் நெருங்கி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பென்ஷனும் ஓய்வூதியமும் இதில் அருகருகே வந்துவிடும். அதே காரணத்தால் 2019ஆம் ஆண்டின் ஆணையும் 2021ஆம் ஆண்டின் ஆணையும்கூட அருகருகே வந்து நிற்கும். ‘தகுதி உண்டு’, ‘தகுதி இல்லை’ என்ற இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்காது. அதிகம் எழுதப்படாத ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வந்தால் திசையன் தேடல் தடுமாறுகிறது என்பதையும், பழைய பிஎம்25 அங்கே அதை முந்துகிறது என்பதையும் 2021இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டு பல துறைகளின் 18 தரவுத் தொகுதிகளை வைத்துச் செய்த இன்னொரு ஒப்பீட்டிலும், பழகாத துறைக்குள் போனால் பழைய முறை எளிதில் தோற்பதில்லை என்று தெரிந்தது. அதனால்தான் இப்போது இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. எதைக் கேட்டாலும் ‘இருப்பதில் நெருக்கமானவை இவை’ என்று சில துண்டுகளை எடுத்து நீட்டும். நெருக்கமானது என்றால் விடை உள்ளது என்று பொருளில்லை. எதுவுமே பொருந்தாத கேள்விக்கும் ஒரு முதலிடம் கிடைத்துவிடும்.

தமிழில் இந்தச் சிக்கல் தேடலுக்கு முன்பே, சேமிப்பிலேயே தொடங்கிவிடுகிறது. நமது பொது ஆவணங்களில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பக்கப் படங்கள். இலங்கைத் தமிழ் ஏடுகளைக் காத்துவரும் நூலகம் மின்னூலகத்தில் இருப்பவையும் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றை எழுத்தாக மாற்றும் மென்பொருள் ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றிப் படிக்கும், எகரத்துக்கும் தமிழ் எண் ஏழுக்கும் வேறுபாடு காணாமல் திணறும். எழுத்தாகவே இருப்பவற்றிலும் 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்பதற்கு முந்தைய கோப்புகள் பலவகை எழுத்துருக் குறியீடுகளில் கிடக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும் கோப்பின் உள்ளே இருப்பவை தொடர்பில்லாத வேறு குறிகள். தேடும் நிரல் பார்ப்பது அந்தக் குறிகளைத்தான்.

ஒருங்குறிக்குள் வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ‘ஸ்ரீ’ இரண்டு விதமான குறித்தொடர்களில் புழங்குகிறது. ‘கௌ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ள’கரத்தைப் போட்டுக் ‘கெள’ என்று அடித்திருப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். கௌசல்யா என்ற பெயருள்ளவரின் பதிவு இருந்தும் இல்லையென்று வருவதற்கு இதுவே போதும்.

பிறகு மொழியின் அமைப்பு. ‘மனு’ என்பதை ‘மனுவை’, ‘மனுவுக்கு’, ‘மனுக்களின்’, ‘மனுவிலுள்ள’ என்று பல வடிவங்களில் எழுதுகிறோம். புணர்ச்சியில் பக்கத்துச் சொல்லோடும் ஒட்டிவிடுகிறோம். சொல்லை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு இவை தனித்தனிச் சொற்கள். ஆங்கிலத்துக்குச் செய்ததுபோல் விகுதியை வெட்டினால் தீராது. புணர்ச்சியைப் பிரித்து அடிச்சொல்லைக் கண்டறியும் உருபனியல் பகுப்பி வேண்டும். அதைவிடக் கடினமானது பேச்சுக்கும் ஆணைக்கும் உள்ள தூரம். ‘எங்கம்மாவுக்கு மூணு மாசமா காசு வரல, யாரப் பாக்கணும்?’ என்று ஒருவர் கேட்பார். விடை இருக்கும் பத்தி ‘உதவித்தொகை இடைநிறுத்தம் செய்யப்பட்ட பயனாளிகள் மேல்முறையீடு செய்யும் அலுவலர்’ என்று தொடங்கும். இரண்டுக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. திசையன் தேடல் உதவக்கூடிய இடம் இதுதான். ஆனால் அந்தத் திசையன்களை உருவாக்கும் மாதிரி பேச்சுத் தமிழை எவ்வளவு படித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த உதவி அமையும். பல மொழிகளில் தேடலைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் மிராக்கல் தரவுத் தொகுதியில் 18 மொழிகள் உண்டு. இந்தி, வங்காளம், தெலுங்கு மூன்றும் இருக்கின்றன. தமிழ் இல்லை.

ஆவணத்தைத் துண்டாக்குவதையும் சொல்லியாக வேண்டும். சிறிய வேலை என்று ஒதுக்கப்படும் இதில் பெரிய தவறுகள் பிறக்கின்றன. அரசாணையின் தலைப்பில் அது எந்த ஆணையைத் திருத்துகிறது என்று இருக்கும். விதி நடுவில் இருக்கும். ‘இவ்விதி இன்ன மாவட்டங்களுக்குப் பொருந்தாது’ என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். நூறு சொல்லுக்கு ஒரு துண்டு என்று வெட்டினால் விதி ஒரு துண்டாகவும் விதிவிலக்கு வேறொரு துண்டாகவும் போய்விடும். தேடல் முதல் துண்டை மட்டும் எடுத்து வந்தால் இயந்திரம் சொல்லும் பதிலில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது. பதில் மட்டும் தவறாக இருக்கும்.

சரியான துண்டு கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை இயந்திரம் ஒழுங்காகப் படிக்கிறதா? 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் விடையுள்ள துண்டைப் பல துண்டுகளுக்கு நடுவே இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முதலில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டது; நடுவில் இருந்தால் கோட்டைவிட்டது. ஜிபிடி-3.5 மாதிரியோ இருபது முப்பது ஆவணங்களைக் கொடுத்தபோது, ஒன்றுமே கொடுக்காமல் கேட்டதைவிடவும் சில நிலைகளில் மோசமாகப் பதில் சொன்னது. மாதிரி ஒரே தடவையில் படிக்கும் சூழல் நீளத்தைப் பல லட்சமாகக் கூட்டிவிட்டோம், இனித் தேடவே வேண்டாம், எல்லா ஆவணத்தையும் மொத்தமாகக் கொட்டிவிடலாம் என்போர் இந்த முடிவை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது.

இதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2024இல் வெளிவந்த கூகுள் ஆய்வு ஒன்று. தேடி எடுத்த துண்டுகளில் விடைக்குப் போதுமான செய்தி இருக்கிறதா இல்லையா என்று பிரித்து வைத்துக்கொண்டு அவர்கள் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஜெம்மா என்ற மாதிரி, எந்தத் துண்டும் தராமல் கேட்டபோது 10.2 விழுக்காடு தவறாகச் சொன்னது. பெரும்பாலும் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டது. போதாத துண்டுகளைத் தந்து கேட்டபோது தவறு 66.1 விழுக்காடாக ஏறியது. கையில் காகிதம் இருக்கிறது என்ற ஒன்றே அதற்குத் துணிச்சலைக் கொடுத்துவிட்டது. பொய்யைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடே, விடை இல்லாத இடத்தில் பொய்யைப் பெருக்குகிறது.

ஏட்டைக் காட்டிப் பேசுவதன் இன்னொரு விளைவு நம் பக்கம் நேர்கிறது. பதிலுக்குக் கீழே சான்று எண்ணும் இணைப்பும் இருந்தால் நாம் நம்பிவிடுகிறோம். 2023இல் சான்றோடு பதில் தரும் நான்கு தேடுபொறிகளை ஆராய்ந்தபோது, அவை எழுதிய வாக்கியங்களில் 51.5 விழுக்காட்டுக்கு மட்டுமே காட்டிய சான்று முழு ஆதாரமாக இருந்தது. காட்டிய சான்றுகளில் தம் வாக்கியத்தைத் தாங்கியவை 74.5 விழுக்காடு. பயனுள்ளது, சரளமானது என்று படித்தவர்கள் மெச்சிய பதில்களில்தான் சான்று மோசமாக இருந்தது. சட்டத் துறைக்கென்று, பிழையே வராது என்ற தொனியில் விற்கப்பட்ட பெருநிறுவனக் கருவிகளை 2024இல் ஸ்டான்ஃபோர்டு குழுவொன்று சோதித்தது. அவையும் 17 முதல் 33 விழுக்காடு வரை இல்லாததைச் சொல்லின. இங்கே பொய் வழக்குகள் குறைந்துவிட்டன. உண்மையான வழக்கைக் காட்டி, அது சொல்லாததைச் சொல்வது வந்துவிட்டது. நியூயார்க் வழக்கறிஞர்களின் தவறைக் கண்டுபிடிக்க வழக்கு எண்ணைத் தேடினால் போதும். இதைக் கண்டுபிடிக்கத் தீர்ப்பு முழுவதையும் படிக்க வேண்டும்.

அத்தனை பேரும் படிப்பார்களா? கனடாவில் ஒரு தீர்ப்பாயம் இந்தக் கேள்வியைச் சந்தித்தது. 2022இல் பாட்டியை இழந்த ஒருவர் ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த அரட்டை இயந்திரத்திடம் துக்கக்காலக் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பயணம் முடிந்திருந்தாலும், பயணச்சீட்டு வழங்கப்பட்ட 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது இயந்திரம். அந்தப் பதிலிலேயே இருந்த இணைப்பைத் திறந்தால், பயணத்துக்குப் பிறகு சலுகை கிடையாது என்று எழுதியிருந்தது. இணைப்பைப் படித்திருக்கலாமே என்பது நிறுவனத்தின் வாதம். ஒரே தளத்தின் ஒரு மூலையை நம்பலாம், இன்னொரு மூலையை நம்பக் கூடாது என்று வாடிக்கையாளர் எப்படி அறிவார் என்று கேட்ட தீர்ப்பாயம், 2024 பிப்ரவரியில் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியது, சொன்ன நியாயம் பெரியது. சான்றைச் சரிபார்க்கும் பொறுப்பு பதில் தருபவருடையது.

அந்தப் பொறுப்பை இயந்திரத்துக்குக் கற்பிக்க முடியாதா? முயற்சிகள் புதியவை அல்ல. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் நடத்திய டிரெக் வினாவிடைப் போட்டியில் 2001லிருந்தே, தொகுப்பில் விடை இல்லாத கேள்விகளைக் கலந்து வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஸ்குவாட் தொகுதியில் 2018இல் விடையற்ற கேள்விகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் சேர்க்கப்பட்டபோது, அதுவரை 86 புள்ளி எடுத்த வலிமையான மாதிரி 66க்கு இறங்கியது. 2011இல் ஜெப்பர்டி வினாடி வினாவில் வென்ற ஐபிஎம் வாட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை அளவு வரம்புக்குக் கீழே இருந்தால் அது மணியை அழுத்தாது. எழுதியே தீர வேண்டிய இறுதிச் சுற்றில் சிகாகோ என்பதற்குப் பதில் டொரன்டோ என்று எழுதியது. பக்கத்தில் ஐந்து கேள்விக்குறிகளும் போட்டது. அமெரிக்க நகரம் எது என்று கேட்டதற்கு டொரன்டோ என்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த ஐந்து கேள்விக்குறிகளை நான் அந்த இயந்திரத்தின் சிறந்த பகுதியாகவே பார்க்கிறேன். தெரியாதபோது தெரியவில்லை என்பதை அது காட்டியது.

இன்றைய மாதிரிகள் ஏன் அதைச் செய்வதில்லை என்பதற்கு 2025இல் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் தந்த விளக்கம் ஏற்கத் தக்கது. தரவரிசைத் தேர்வுகளில் தவறான விடைக்கும் ‘தெரியாது’ என்பதற்கும் ஒரே மதிப்பெண், பூஜ்யம். அப்படியானால் ஊகித்து எழுதுவதே லாபம். ஊகிப்பவை பட்டியலில் மேலே போகின்றன. மேலே போனவையே விலைக்கு வருகின்றன.

2021இல் கூகுளின் இந்திய ஆய்வுப் பிரிவு இந்திக்கும் தமிழுக்கும் ‘சாய்’ என்ற வினாவிடைப் போட்டியை நடத்தியது. பயிற்சிக்குத் தந்த 1,114 கேள்விகளில் தமிழுக்கு 368. நல்ல தொடக்கம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் விடை, கூடவே தந்த கட்டுரைக்குள் இருந்தது. 2023இல் ஹரியானாவின் பிவான் கிராமத்தில் சோதனைக்கு வந்த ‘ஜுகல்பந்தி’ என்ற அரட்டை இயந்திரத்தின் பின்னணியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 10 இந்திய மொழிகளில் கேட்டால், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் திட்ட விவரங்களிலிருந்து எடுத்து, கேட்டவர் மொழிக்கு மாற்றிச் சொன்னது. அப்போது அதனிடம் இருந்தவை 171 அரசுத் திட்டங்கள்; நாட்டில் இருப்பவையோ ஏறத்தாழ 20,000. ஆக, ஒருவர் கேட்கும் திட்டம் அந்த 171க்குள் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பதில் தவறென்றால் ஆங்கில ஆவணத்தைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க அவரால் இயலாது. ஆக்கியோரின் அக்கறையை நான் மதிக்கிறேன். அதனால்தான் இந்த இடத்தில் ‘என்னிடம் அந்தத் திட்டத்தின் விவரம் இல்லை’ என்ற பதில் எத்தனை முறை சரியாக வந்தது என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டும் என்கிறேன்.

அந்தக் கணக்கைத் தமிழில் எடுக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இ-சேவை மையங்களிலும் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர்களிடமும் மக்கள் கேட்கும் கேள்விகளை, கேட்ட தமிழிலேயே, பெயர் விவரங்களை நீக்கிவிட்டுச் சேகரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் விடை எந்த ஆணையின் எந்தப் பத்தியில் இருக்கிறது, அல்லது எந்த ஆவணத்திலுமே இல்லை என்று துறை அறிந்த ஒருவர் குறித்து வைக்கலாம். இந்த இரண்டாம் வகைக் கேள்விகளைத் தூக்கி எறியாமல் பாதிக்குப் பாதி வைத்து இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். சோதனை முடிந்து இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்த பின்னும் அது ‘இங்கே இல்லை’ என்று சொன்ன கேள்விகளைத் தேதியிட்டுச் சேர்த்து, மாதந்தோறும் துறைக்கு அனுப்ப வேண்டும். எந்த ஆணையை அடுத்து எழுத்தாக்க வேண்டும், எந்த விதியை இன்னும் தமிழில் எழுதவே இல்லை என்பதை அந்தப் பட்டியல் சொல்லும்.